கழிவுக் கரைசலிலிருந்து வெனிலின்: தொரோல்ட் ஆலை பற்றிய நிகழ்வு ஆய்வு

மர இழைகளைப் பிணைத்து உறுதி தரும் பொருளான, மரத்தின் எடையில் கால் பங்கு அளவுக்கு இருக்கும் லிக்னினைச் சூடான, அழுத்தமேற்றிய நீரில் உடைத்துப் பயனுள்ள வேதிப்பொருள் ஆக்குவது புதிய கனவு என்று பலரும் எண்ணுகிறார்கள். காகிதக்கூழ்க் கழிவில் கரைந்திருந்த லிக்னினிலிருந்து வெனிலா மணம் தரும் வெனிலினைத் தொழிற்சாலை அளவில் பல பத்தாண்டுகள் செய்து, உலகச் சந்தையில் முதலிடம் பிடித்து, பிறகு மூடிவிட்ட ஆலை ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துத் தொரோல்ட் நகரில் இருந்த அந்த ஆலையின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அங்கே பணியாற்றிய வேதியியலாளர்கள், பொறியாளர்கள், மேலாளர்கள் ஆகியோரின் பெயர்கள் இதில் இடம்பெறவில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றின் விளைவுகளுமே இங்கு ஆராயப்படுகின்றன.

பின்னணி

தொரோல்ட், நயாகரா அருவிக்கு அருகே வெல்லண்ட் கால்வாயை ஒட்டி அமைந்த ஊர். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் தனக்கு வேண்டிய செய்தித்தாள் காகிதத்தைத் தானே செய்துகொள்வதற்காக 1910-களின் தொடக்கத்தில் இங்கே ஒரு காகித நிறுவனத்தை அமைத்தது. அக்காலத்துச் செய்தித்தாள் காகிதத்தின் பெரும்பகுதி, மரக்கட்டையைக் கல்லில் தேய்த்து எடுத்த இயந்திரக் கூழால் ஆனது. அந்தக் கூழில் இழைகள் நொறுங்கிக் குறுகிவிடுவதால், வேகமாகச் சுழலும் அச்சு இயந்திரத்தில் காகிதம் அறுந்து போகும். அதைத் தடுக்க, ஒரு பங்கு வேதிக்கூழைக் கலந்தார்கள். இந்த வேதிக்கூழ் சல்பைட் முறையில் செய்யப்பட்டது.

சல்பைட் முறையில் ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரத்தின் சில்லுகளைக் கால்சியம் பைசல்பைட்டும் கந்தக டையாக்சைடும் கலந்த அமிலக் கரைசலில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். லிக்னினோடு சல்ஃபோனேட் தொகுதிகள் சேர்வதால் அது நீரில் கரையும் லிக்னோசல்ஃபோனேட்டாக மாறிப் பிரிந்து வருகிறது. செல்லுலோஸ் இழை எஞ்சுகிறது. மரத்தில் ஏறக்குறைய பாதி மட்டுமே கூழாகிறது என்பதால், ஒரு டன் கூழ் செய்யும் ஆலை கிட்டத்தட்ட ஒரு டன் கரைந்த பொருளையும் உண்டாக்குகிறது. அதில் பாதிக்கு மேல் லிக்னோசல்ஃபோனேட். மற்றவை சர்க்கரைகளும் சிறு அமிலங்களும். கால்சியம் சார்ந்த இந்தக் கழிவுக் கரைசலைச் சுண்டவைக்கப் போனால் கால்சியம் சல்பேட் குழாய்ச் சுவர்களில் படிந்து அடைத்துவிடும். எரித்தாலும் வேதிப்பொருளை மீட்பது கடினம். ஆகவே உலகெங்கும் சல்பைட் ஆலைகள் அதைப் பக்கத்து நீர்நிலையில் விட்டன. சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிட, ஆலைக்குக் கீழே உள்ள நீரோட்டங்களில் மீன்கள் வாழ முடியாத நிலை ஏற்பட்டது.

முதல் முடிவு: சர்க்கரையை எடுப்பது

இந்தக் கழிவில் எளிதாகக் கைக்கு எட்டியது சர்க்கரைதான். அமிலத்தில் வேகும்போது மரத்தில் செல்லுலோஸோடு கலந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி தனிச் சர்க்கரைகளாக உடைகிறது. ஊசியிலை மரத்தில் அவற்றுள் பெரும்பங்கு மானோஸ் போன்ற ஆறு கார்பன் சர்க்கரைகள். சாதாரண ஈஸ்ட்டே அவற்றை நொதிக்க வைத்துவிடும். ஸ்வீடன் ஆலைகள் இதை முன்பே செய்து காட்டியிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது எரிசாராயத்துக்குத் தேவை பெருகியபோது, தொரோல்ட் ஆலை 1943-இல் கழிவுக் கரைசலிலிருந்து எத்தனால் எடுக்கத் தொடங்கியது. வட அமெரிக்காவில் அவ்வகையில் முன்னோடி இந்த ஆலைதான்.

இந்த முடிவின் முக்கியத்துவம் எத்தனாலோடு முடிந்துவிடவில்லை. சர்க்கரை போனபின் எஞ்சிய கரைசலில் லிக்னோசல்ஃபோனேட்டின் பங்கு கூடியது. சர்க்கரை காரத்தில் வீணாகச் சிதைந்து, லிக்னினுக்கென ஊற்றும் காரத்தையும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். அதை முன்கூட்டியே நீக்கியதால் அடுத்த கட்டத்துக்கு வந்த மூலப்பொருள் ஓரளவு தூய்மையானதாக இருந்தது. எனவே, வெனிலின் திட்டத்தின் அடித்தளம் சாராயத் தொட்டியில் போடப்பட்டது என்று சொல்வது மிகையாகாது.

இரண்டாம் முடிவு: எஞ்சியதை உடைப்பது

வெனிலின் என்பது வெனிலா காய்க்கு மணம் தரும் முதன்மை மூலக்கூறு. 1874-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரச்சாற்றில் உள்ள கோனிஃபெரினிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்தார்கள். பின்னர் கிராம்பு எண்ணெயின் யூஜெனால் மூலப்பொருளாயிற்று. ஊசியிலை மர லிக்னின் ஏறக்குறைய முழுவதும் குவையாசில் அலகுகளால் கட்டப்பட்டது. பென்சீன் வளையம் ஒன்று, அதில் ஒரு ஹைட்ராக்சில், அதன் அருகே ஒரு மெத்தாக்சி, எதிர்முனையில் மூன்று கார்பன் கொண்ட பக்கச் சங்கிலி: இதுவே அந்த அலகு. பக்கச் சங்கிலியின் முதல் கார்பனை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் வெட்டினால் கிடைப்பது வெனிலின். அகன்ற இலை மர லிக்னினில் சிரிஞ்சில் அலகுகளும் கலந்திருப்பதால் அங்கே சிரிஞ்சால்டிஹைடும் சேர்ந்து வரும். பிரிப்பது இரட்டை வேலையாகும். ஆலை ஊசியிலை மரத்தைப் பயன்படுத்தியது இந்த வகையில் தற்செயலாக வாய்த்த நன்மை.

சல்பைட் கழிவைக் காரத்தில் சூடாக்கினால் வெனிலின் வரும் என்பதை மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1936-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ராத்ஸ்சைல்டில் ஒரு காகித ஆலை அதை வணிக அளவில் செய்யத் தொடங்கியது. தொரோல்ட் இதில் பிந்தி வந்த ஆலை. 1950-களில்தான் அங்கே வெனிலின் உற்பத்தி நிலைபெற்றது. பிந்தி வந்ததால், வெறும் காரத்தில் வேகவைப்பதைவிடக் காற்றைச் செலுத்தி ஆக்சிஜனேற்றம் செய்வது மேல் என்று அதற்குள் தெளிவாகியிருந்த அறிவு அவர்களுக்குக் கிட்டியது.

இந்தத் தொழிலில் வழக்கமாகியிருந்த முறை பின்வருமாறு. எத்தனால் எடுத்த கரைசலில் காரம் சேர்த்து, அழுத்தக் கலனில் 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, காற்றைக் குமிழ்களாகச் செலுத்துகிறார்கள். 170 பாகையில் நீராவியின் அழுத்தமே சுமார் 8 பார் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்). காற்றின் பங்கையும் சேர்த்தால் கலனுக்குள் மொத்தம் 10 முதல் 12 பார் வரும். குறித்த நேரம் கழிந்ததும் குளிர்வித்து, அமிலம் சேர்த்து வெனிலினை அதன் உப்பு நிலையிலிருந்து விடுவித்து, கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். பிறகு பைசல்பைட்டோடு சேர்த்துத் தூய்மையாக்கல், குறை அழுத்தத்தில் வாலைவடித்தல், மறுபடிகமாக்கல் என்று வரிசையாகப் படிகள் தொடர்கின்றன. உணவில் சேரும் பொருள் என்பதால், இறுதிப் படிகள் வினைக்கலனைவிட அதிகக் கவனத்தைக் கோருபவை.

வெப்பநிலைத் தேர்வைப் பற்றி ஒரு குறிப்பு. இன்றைய ஆய்வகங்கள் 300 பாகையையும் அதற்கு மேலும் நாடுகின்றன; அந்த வெப்பத்தில் நீராவியின் அழுத்தமே 86 பார். காரத்தையும் காற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பாருக்குள் வேலையை முடித்தது, அன்றைக்குக் கிடைத்த எஃகுக்கும் பற்றவைப்புத் திறனுக்கும் ஏற்ற நிதானமான முடிவு. பொறியியல் நோக்கில் இந்த ஆலையின் மிகச் சிறந்த முடிவு இதுவே என்பது என் மதிப்பீடு.

கலனுக்குள் நடந்தது

ஆக்சிஜன், காரக் கரைசலில் இருக்கும் ஃபீனாக்சைடு அயனியிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்து வினையைத் தொடங்கிவைக்கிறது. அடுத்தடுத்த படிகளில் பக்கச் சங்கிலி ஆக்சிஜனேற்றம் அடைந்து, இறுதியில் காரத்தின் துணையால் இரண்டு கார்பன் துண்டு கழன்று விழ, வெனிலின் பிறக்கிறது. கார அளவு மிக உயர்வாக, அதாவது பி.எச். 11 அல்லது 12-க்கு மேல் இருக்கும்வரை இந்தப் பாதை முன்னிலை வகிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் வெனிலின் உண்டாவது குறைவதோடு, உண்டான வெனிலினும் ஆக்சிஜனுக்கு இரையாகும்.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. லிக்னினின் பெரும்பகுதி வெனிலினாக மாறுவதில்லை. ஃபார்மிக், ஆக்சாலிக் போன்ற சிறு அமிலங்களாகவும் கார்பன் டையாக்சைடாகவும் சிதைகிறது. அவை ஒவ்வொன்றும் காரத்தை நடுநிலையாக்குகின்றன. கார அளவு இறங்காமல் காக்க வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே தேவையைவிட மிக அதிகமாகச் சேர்க்க வேண்டும். பிறகு வெனிலினைப் பிரிக்க அந்தக் காரம் முழுவதையும் அமிலத்தால் கொல்ல வேண்டும். விலைகொடுத்து வாங்கிய காரமும் விலைகொடுத்து வாங்கிய அமிலமும் சேர்ந்து விலையில்லாத உப்பாகி வெளியேறின.

நேரமும் அவ்வாறே கறாரானது. வெனிலினின் அளவு ஏறி ஒரு உச்சத்தை அடைந்து, பிறகு இறங்கும். ஆக்சிஜன் குறைந்தால் உச்சம் தாழ்வாக அமையும். கூடினால் உச்சம் வந்தவுடன் சரிவு வேகமெடுக்கும். சோற்றை இறக்கும் பதத்தைப் போல, இறக்கும் கணம் தவறினால் முந்தைய உழைப்பு வீண். ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளளவு உள்ள கலனில் காற்றுக் குமிழ்கள் எல்லா மூலைக்கும் சீராகப் போய்ச் சேர்வதில்லை என்பதால், ஒரே கலனுக்குள்ளேயே ஓரிடத்தில் வினை முற்றியும் இன்னோரிடத்தில் தொடங்காமலும் இருக்கக்கூடும்.

எவ்வளவு கிடைத்தது என்பது அடுத்த கேள்வி. ஆய்வகத்தில் நைட்ரோபென்சீன் கொண்டு ஸ்புரூஸ் மர லிக்னினை ஆக்சிஜனேற்றினால், அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு வரை வெனிலின் கிடைக்கிறது. சல்பைட் கழிவைக் காற்றால் ஆக்சிஜனேற்றும் தொழில் முறையில் கிடைப்பது பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு. அமிலத்தில் வேகும்போதே லிக்னின் துண்டுகள் ஒன்றோடொன்று கார்பன்–கார்பன் பிணைப்பால் இறுகிவிடுவது இதற்கு ஒரு காரணம். அப்படி இறுகிய அலகிலிருந்து வெனிலின் பிறக்காது. உண்டானது மீண்டும் சிதைவது இன்னொரு காரணம்.

இந்த எண்ணை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேறு, அதாவது லிக்னின் எடையில் வெனிலினாகக் கிடைக்கும் பங்கு, 7 விழுக்காடு எனில் ஒரு கிலோ வெனிலினுக்கு 14 கிலோ லிக்னின் வேண்டும். கரைசலில் லிக்னின் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், கலனுக்குள் போக வேண்டிய கரைசல் 140 கிலோ. காரமும், அதைக் கொல்லும் அமிலமும், கழுவும் நீரும் தனி. ஒரு கிலோ வெனிலினுக்கு 150 கிலோவுக்கும் மேல் காரக் கழிவு வந்தது என்று இத்தொழிலைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும். எந்தப் பணியாளரின் கவனக்குறைவும் அதற்குக் காரணமன்று; அது வினையின் பேறும் கரைசலின் நீர்த்தன்மையும் சேர்ந்து விதித்த அளவு.

உச்சம்

இந்தக் குறைகளோடும் ஆலை செழித்தது. மூலப்பொருள் ஏறத்தாழ இலவசம்; அது கூழாலையின் குழாயிலேயே வந்தது. ஐஸ்கிரீம், சாக்லேட், பிஸ்கட் ஆகியவற்றின் உற்பத்தி உலகெங்கும் பெருகியது. பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தைச் செய்யவும் வெனிலின் தொடக்கப்பொருளாயிற்று. கிராம்பு எண்ணெய் வழி விலையில் போட்டியிட முடியாமல் பின்தங்கியது. 1981-இல் உலகின் செயற்கை வெனிலின் தேவையில் 60 விழுக்காட்டைத் தொரோல்ட் ஆலை ஒன்றே வழங்கியது. லிக்னினிலிருந்து வேதிப்பொருள் செய்து ஒரு தனி ஆலை இந்த அளவுக்குச் சந்தையைக் கைக்கொண்டதற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை இல்லை.

கழிவுக் குறைப்பு என்ற நோக்கமும் ஓரளவு நிறைவேறியது. ஆக்சிஜன் குடிக்கும் பொருளின் ஒரு பகுதி சாராயமாகவும், இன்னொரு பகுதி வெனிலினாகவும், மற்றொரு பகுதி கலனிலேயே கார்பன் டையாக்சைடாகவும் போய்விட்டதால், நீர்நிலைக்குச் சென்ற கரிமச் சுமை குறைந்தது. ஆனால் அதற்கு ஈடாகக் காரமும் உப்பும் கருநிறமும் மிகுந்த புதுக் கழிவு ஒன்று பிறந்தது. 1940-களின் அளவுகோலில் முன்னேற்றமாகத் தெரிந்தது, 1980-களின் அளவுகோலில் புதிய குற்றமாயிற்று.

மூடலுக்கு இட்டுச் சென்றவை

1981-க்குப் பிறகு பத்தாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவற்றின் எடை சமமானதன்று.

கழிவுநீர் விதிமுறைகள் இறுகியது முதல் காரணம். வட அமெரிக்காவின் லிக்னின் வெனிலின் ஆலைகள் அனைத்தும் மூடப்பட்டதற்குச் சுற்றுச்சூழல் காரணமே முதன்மையானது என்று இத்துறை பற்றிய பதிவுகள் கூறுகின்றன. மேலே போட்ட கணக்கின்படி, கழிவைச் சுத்திகரிக்கும் செலவை ஒவ்வொரு கிலோ வெனிலினும் நூற்றைம்பது மடங்கு எடைக்குச் சுமக்க வேண்டியிருந்தது. ஒரு நிறுவனம் தன் கழிவை இலவசமாக வெளியேற்ற முடிந்தவரை இந்தச் சுமை கணக்குப் புத்தகத்தில் தோன்றவே இல்லை.

இரண்டாவது காரணம் பெட்ரோலிய வழி. ஃபீனாலிலிருந்து கேட்டகால், அதிலிருந்து குவையக்கால், அதனோடு கிளையாக்ஸிலிக் அமிலம் என்று செல்லும் பாதையில் கழிவு மிகக் குறைவு, பேறு அதிகம். எண்ணெய் விலை ஏறினால் மட்டுமே லிக்னின் வழிக்குச் சாதகம். 1980-களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தது.

மூன்றாவது காரணத்தைப் பலர் அடிக்குறிப்பாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுவே கதையின் மையமாகப் படுகிறது. காகிதத் தொழிலுக்குச் சல்பைட் கூழ் தேவையற்றதாகிக்கொண்டிருந்தது. ஆவியில் மென்மையாக்கி அரைக்கும் வெப்ப இயந்திரக் கூழ் போதிய வலிமையோடு வரத் தொடங்கியதும், செய்தித்தாள் காகிதத்தில் வேதிக்கூழ் கலப்பதற்கான அவசியம் மறைந்தது. அந்த முறையில் மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காகிதமாகிவிடுகிறது. லிக்னின் இழையிலேயே தங்கிவிடுகிறது. வேதிக்கூழ் தேவைப்பட்ட பிற ஆலைகள், மரத்தைக் காரக் கரைசலில் வேகவைக்கும் கிராஃப்ட் முறைக்கு மாறின. கிராஃப்ட் ஆலையில் லிக்னின் கரைந்த கருநிறக் கழிவுக் கரைசலான பிளாக் லிக்கரைச் சுண்டவைத்து மீட்புக் கொதிகலனில் எரித்து, ஆவியையும் சோடியம், கந்தக வேதிப்பொருள்களையும் திரும்பப் பெறுகிறார்கள். அங்கே லிக்னின் எரிபொருள். அதை யாரும் இலவசமாகத் தரமாட்டார்கள்.

கூழ் முறையைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் வெனிலினுக்கு இடமில்லை. பல்லாயிரம் டன் காகிதம் செய்யும் ஆலை, அதன் பக்கத்தில் விளையும் சில ஆயிரம் டன் நறுமணப் பொருளுக்காகத் தன் கூழ் முறையை நிறுத்திவைக்காது. வெனிலின் பிரிவின் கலன்கள் ஓடினவா, பேறு உயர்ந்ததா என்பதெல்லாம் அந்த முடிவில் பெரிய பொருட்டல்ல. 1980-களின் பிற்பகுதியில் தொரோல்ட் வெனிலின் ஆலை நின்றது. 1990-களின் தொடக்கத்துக்குள் வட அமெரிக்காவில் லிக்னினிலிருந்து வெனிலின் செய்யும் தொழிலே இல்லாமற்போயிற்று. கைமாறிக் கைமாறி ஓடிய அந்தக் காகித ஆலையும் 2017-இல் மூடப்பட்டது.

அதே வேதியியல், வேறு முடிவு: சார்ப்ஸ்போர்க்

நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில், குளோம்மா ஆற்றங்கரையில் போரகார்ட் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அதுவும் ஸ்புரூஸ் மரத்தைச் சல்பைட் முறையில் வேகவைக்கும் ஆலைதான். அங்கே 1938 முதல் எத்தனாலும் 1962 முதல் வெனிலினும் செய்கிறார்கள். இன்றும் உலக வெனிலினில் சிறு பங்கு லிக்னினிலிருந்தே வருகிறது. அதில் பெரும்பங்கு இந்த ஆலையினுடையது.

இரண்டு ஆலைகளின் வினையும் ஒரே இனத்தைச் சேர்ந்தது. வேறுபாடு வினைக்கலனுக்கு வெளியே இருக்கிறது. சார்ப்ஸ்போர்க்கின் கூழ் செய்தித்தாளுக்குப் போவதில்லை. செல்லுலோஸ் ஈதர், அசிடேட் போன்றவற்றுக்கு வேண்டிய உயர்தூய்மைச் செல்லுலோஸாக அது விற்கப்படுகிறது. அந்தச் சந்தைக்குச் சல்பைட் முறை பொருத்தமானது என்பதால் அம்முறை அங்கே நிலைத்தது. லிக்னோசல்ஃபோனேட்டின் மிகப்பெரும் பகுதியை அவர்கள் உடைப்பதே இல்லை. கான்கிரீட் கலவையை இளக்கவும், சாயத்தையும் பூச்சிமருந்தையும் நீரில் பரப்பவும், கால்நடைத் தீவன உருண்டைகளைப் பிணைக்கவும் அப்படியே விற்கிறார்கள். சவ்வு வடிகட்டியால் பெரிய மூலக்கூறுகளைத் தேர்ந்து செறிவூட்டிய பிறகே ஆக்சிஜனேற்றத்துக்கு அனுப்புவதும், தாமிர வினையூக்கி சேர்ப்பதும் அங்கே பின்பற்றப்படும் வழிகள். கரைசல் செறிவானால், மேலே போட்ட 140 கிலோ கணக்கு நேரடியாகக் குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வகையில் பார்த்தால் வெனிலின் அங்கே பல பொருள்களில் ஒன்று மட்டுமே. தொரோல்ட்டில் எத்தனாலை விட்டால், அது கழிவைச் சுமந்த ஒரே மதிப்புமிக்க பொருளாக இருந்தது.

மீண்டும் செய்தால் எவை மாற வேண்டும்

முதலில் வினையைப் பற்றி. இன்று பல ஆய்வுக்குழுக்கள் காரமும் காற்றும் இல்லாமல், 250 முதல் 374 பாகைக்குட்பட்ட வெறும் நீரிலேயே லிக்னினை உடைக்க முயல்கின்றன. நீரின் மின்காப்பு மாறிலி அறை வெப்பத்தில் 80 அளவில் இருந்து 300 பாகையில் 20 அளவுக்கு இறங்குகிறது; அதனால் கரிமப் பொருள்கள் அதில் எளிதாகக் கரைகின்றன. 250 பாகையை ஒட்டி அதன் அயனிப் பெருக்கம் அறை வெப்பத்தில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்காகிறது. அதாவது நீரே மென்மையான அமிலமாகவும் காரமாகவும் வேலை செய்கிறது. தொரோல்ட் கொட்டிய காரத்தை இங்கே வாங்க வேண்டியதில்லை என்பது உண்மையான ஆதாயம்.

ஆனால் ஈதர் பிணைப்பு அறுந்து பிறக்கும் துண்டுகள், வெளியேறும் ஃபார்மால்டிஹைடோடும் ஒன்றோடொன்றும் சேர்ந்து மீண்டும் இறுகிக் கரியாகின்றன. இதைத் தடுக்க ஃபீனாலைச் சேர்த்து, துண்டுகளின் வினைமுனைகளை அடைத்துவைக்கும் முறையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் 400 பாகை நீரில் காட்டினார்கள். கரி குறைந்தது, ஆயினும் சேர்த்த ஃபீனாலில் எவ்வளவு திரும்ப வந்தது, எவ்வளவு துண்டுகளோடு கட்டுண்டது என்பதைக் கணக்கிடாமல் பேற்றைப் பேசுவது பொருளற்றது. தொழிற்சாலையிலிருந்து வரும் லிக்னினை வெறும் நீரில் உடைத்தால் குவையக்கால், கேட்டகால், ஃபீனால் போன்ற தனி மூலக்கூறுகளாகக் கிடைப்பது பெரும்பாலும் எடையில் பத்து விழுக்காட்டை எட்டுவதில்லை. தொரோல்ட்டின் எண்ணும் அதுவே என்பதைக் கவனித்தால், வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஏற்றியதால் மட்டும் கணக்கு மாறிவிடவில்லை என்பது தெரியும். அதோடு, தொரோல்ட்டில் கிடைத்தது பெரும்பாலும் ஒரே ஆல்டிஹைடு. இங்கே கிடைப்பது கொதிநிலை நெருங்கிய பல ஃபீனால்களின் கலவை. பிரிப்புச் செலவு கூடுமே தவிரக் குறையாது.

ஆகையால் எஞ்சும் தொண்ணூறு பங்குக்கு என்ன வழி என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். தனி மூலக்கூறுகளைப் பிரிக்காமல், உடைந்த எண்ணெயை முழுதாக ஒட்டுப்பலகைப் பிசினில் ஃபீனாலுக்குப் பகரமாகச் சேர்ப்பது ஒரு வழி. பெரிய துண்டுகளைச் சார்ப்ஸ்போர்க் போல உடைக்காமல் விற்பது இன்னொரு வழி. இரண்டும் வெனிலினைவிடக் கவர்ச்சி குறைந்தவை. ஆனால் டன் கணக்கில் கழிவை உறிஞ்சும் சந்தைகள் அவைதான்.

அடுத்து, நீர். லிக்னின் ஐந்து விழுக்காடாக இருக்கும் கரைசலை 300 பாகைக்குச் சூடாக்குபவர் பத்தொன்பது பங்கு நீரையும் சேர்த்துச் சூடாக்குகிறார். வெளியேறும் சூட்டை உள்ளே வரும் கரைசலுக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றி இல்லாமல் இந்தக் கணக்கு ஒருபோதும் நிமிராது. அந்தப் பரிமாற்றியின் குழாய்களில்தான் கரியும் உப்பும் முதலில் படியும். ஆய்வகத்தின் சிறு கலனில் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரிவதில்லை. வினையூக்கியைத் தேடுவதற்குச் செலவிடும் காலத்தில் ஒரு பகுதியைச் செறிவூட்டலுக்கும் படிவுக்கும் ஒதுக்க வேண்டும்.

இறுதியாக, லிக்னினைத் தரும் ஆலை. பிளாக் லிக்கரிலிருந்து லிக்னினைப் பிரிக்கும் அலகுகள் 2013-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலும் 2015-இல் பின்லாந்தின் சுனிலாவிலும் தொழில் அளவில் தொடங்கின. மீட்புக் கொதிகலனின் கொள்ளளவே கூழ் உற்பத்திக்குத் தடையாக இருக்கும் ஆலையில், லிக்னினில் ஒரு பகுதியை வெளியே எடுத்தால் கூழ் உற்பத்தியைக் கூட்டலாம். அத்தகைய ஆலைக்கு லிக்னினை விற்பதில் உண்மையான நலன் இருக்கிறது. கொதிகலனில் இடம் மிஞ்சியிருக்கும் ஆலையோ, எடுத்த லிக்னினுக்கு ஈடாக வேறு எரிபொருள் வாங்க வேண்டும்; விலை சற்று ஏறினாலும் அது வழங்கலை நிறுத்திவிடும். எனவே ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை லிக்னினின் தூய்மையும் விலையும் மட்டுமல்ல. அந்த ஆலையின் கொதிகலன் எவ்வளவு நிரம்பி ஓடுகிறது, அதன் கூழை வாங்குபவர் யார், அந்தக் கூழுக்கு மாற்று வந்துகொண்டிருக்கிறதா என்பவையும் அதே தாளில் இருக்க வேண்டும். சுனிலாவின் கூழாலை 2023-இல் மூடப்பட்டபோது, ஆண்டுக்கு 50,000 டன் லிக்னின் எடுக்கக்கூடிய அதன் பிரிப்பு அலகும் அதோடு நின்றது.